தந்தையின் பெட்டிகளைச் சுமந்த மூன்று சகோதரர்கள்

ஒரே பாயில் படுத்துறங்கி, உம்மா பிசைந்து கொடுத்த சோற்றை ஒரே சட்டியைச் சுற்றியிருந்து வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள், ஆளான பின்னர் ஒருவரையொருவர் எங்கே சந்திக்கிறார்கள்? கலியாண வீட்டில். இல்லாவிட்டால் மையித்து வீட்டில். சந்தித்தாலும் என்ன பேசுகிறார்கள்? "எப்படி நானா, சுகமா?" "சுகம்தான். பிள்ளைகள் எப்படி?" அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. பிறகு ஒருவர் வாசலைப் பார்க்கிறார், மற்றவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

பெரிய சண்டை எதுவும் நடந்திருக்காது. காணி பிரித்தபோது வாய் தவறி வந்த ஒரு சொல், வாப்பா வருத்தமாகக் கிடந்தபோது யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்ற கணக்கு, ஒரு விசேஷத்துக்கு அழைப்பு வராமல் போன மனக்குறை என்று ஏதோ ஒன்று இருக்கும். அது அப்படியே உறைந்து, வருடங்கள் ஓடிவிடும். யார் முதலில் பேசுவது என்பதே பிரச்சினையாகிவிடும்.

இந்த உறைந்துபோன உறவைப் பற்றிச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஓர் அமெரிக்கத் திரைப்படம் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பெயர் 'த டார்ஜிலிங் லிமிட்டெட்'. இயக்கியவர் வெஸ் அண்டர்சன். ஒன்றரை மணித்தியாலம் ஓடும் இப்படத்தின் கதை பெரும்பாலும் இந்தியாவில், ஒரு புகையிரதத்துக்குள் நடக்கிறது. அந்தக் கதையை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. உடன்பிறப்புகளைப் பிரித்து வைப்பதிலும் சேர்த்து வைப்பதிலும் பெண்களின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

ஒரு புகையிரதம், மூன்று கட்டளைகள்

பிரான்சிஸ், பீட்டர், ஜேக் ஆகிய மூவரும் உடன்பிறந்தவர்கள். வசதியான அமெரிக்கக் குடும்பம். தகப்பன் ஒரு விபத்தில் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த மரணச் சடங்கு நடந்த நாளுக்குப் பிறகு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூத்தவன் பிரான்சிஸ் ஒருநாள் தம்பிமார் இருவரையும் இந்தியாவுக்கு வரவழைக்கிறான். மூவரும் ஒரே புகையிரதப் பெட்டியில், ஒரே சிறிய அறையில் பயணம் செய்ய வேண்டும் என்பது அவனது ஏற்பாடு.

பிரான்சிஸின் தலையும் முகமும் கட்டுப் போடப்பட்டிருக்கின்றன. மோட்டார் சைக்கிள் விபத்து என்கிறான். ஆனால் அது தற்செயலாக நேர்ந்ததல்ல, வாழ்க்கை வெறுத்துப் போய் அவனே தேடிக்கொண்டது என்பது பின்னர் தெரிய வருகிறது. சாவின் விளிம்புவரை போய் மீண்டவனுக்குத் தம்பிமாரின் நினைவு வந்திருக்கிறது.

வண்டி புறப்பட்டதும் அவன் சில கட்டளைகளை முன்வைக்கிறான். முன்பு போல் நாம் சகோதரர்களாக இருக்க வேண்டும். இது மனத்தைத் தேடும் பயணமாக அமைய வேண்டும். எது வந்தாலும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். தம்பிமார் ஏனோதானோ என்று தலையாட்டுகிறார்கள்.

கட்டளைகள் நல்லவைதாம். ஆனால் அவற்றை நிறைவேற்ற அவன் கையாளும் வழியைப் பாருங்கள். ஒரு காரியதரிசியைக் கூட்டி வந்திருக்கிறான். அந்த மனிதர் அச்சடிக்கும் இயந்திரமும் லெமினேட் செய்யும் இயந்திரமும் சகிதம் அதே வண்டியில் வேறொரு பெட்டியில் இருக்கிறார். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எந்தக் கோயிலைப் பார்ப்பது, எப்போது மன அமைதி பெறுவது என்றெல்லாம் அட்டவணை போட்டு, அதைப் பளபளக்கும் அட்டையாக்கிக் கதவுக்கு அடியால் தள்ளிவிடுகிறார். தம்பிமார் இடையில் ஓடிப்போகாதிருக்க, அவர்களது கடவுச்சீட்டுகளைத் தமையன் வாங்கி வைத்துக்கொள்கிறான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும், இவருக்கு இது, அவருக்கு அது என்று தம்பிமாருக்கும் சேர்த்து அவனே உணவு சொல்லிவிடுகிறான்.

சிரிப்பு வருகிறதல்லவா? சற்று நிறுத்தி யோசித்தால், நமக்குத் தெரிந்த ஒரு நானாவோ ஒரு ராத்தாவோ நினைவுக்கு வருவார். அவரிடம் பாசம் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பாசம் அதிகாரமாகவே வெளிப்படும். தம்பி தங்கச்சிமாருக்குத் தலை நரைத்த பின்பும் அவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பார்.

படத்தில் ஓர் இடத்தில் அந்தப் புகையிரதமே வழி தவறிவிடுகிறது. தண்டவாளத்தில் ஓடும் வண்டி எப்படி வழி தவறும் என்று ஜேக் திகைக்கிறான். இரவில் எங்கோ தடம் மாறிவிட்டதாம். அட்டவணையும் திட்டமும் எவ்வளவு இருந்தாலும் இந்த மூவரின் நிலையும் அதுதான் என்று இயக்குநர் வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறார்.

தகப்பனின் கண்ணாடி

நடுவில் பிறந்தவன் பீட்டர். அவன் முகத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. அது இறந்துபோன தகப்பன் அணிந்திருந்தது. தகப்பனின் பார்வைக்காகச் செய்த கண்ணாடி மகனுக்குப் பொருந்துமா? அணிந்தால் தலையிடிதான் வருகிறது. ஆயினும் கழற்ற மனமில்லை. சவரம் செய்வதும் தகப்பனின் சவரக் கருவியால்தான்.

இதைக் கண்டதும் தமையனுக்குக் கோபம் வருகிறது. இவை எல்லோருக்கும் பொதுவானவை அல்லவா, நீ மட்டும் எப்படி எடுத்தாய் என்கிறான். வாப்பாவுக்கு நான்தான் உயிர் என்று ஒவ்வொருவனும் காட்ட முனைகிறான். சொத்துக்கு ஆசைப்படும் அளவுக்கு அவர்களில் எவனும் வறியவனல்லன். ஒரு பழைய கண்ணாடிக்காகவும் ஓர் இடுப்புப் பட்டிக்காகவும் முறுகிக்கொள்கிறார்கள்.

உண்மையில் அவர்கள் சண்டையிடுவது பொருளுக்காக அல்ல. தகப்பனின் அன்பில் எனக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விதான் அங்கே கிடக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவர்கள் பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். உம்மாவின் தைலப் போத்தலுக்கும் வெற்றிலைத் தட்டத்துக்கும் மனத்தாங்கல் வந்த வீடுகள் நம்மிடையே இல்லையா? அந்தத் தட்டத்தின் பெறுமதி என்ன? ஒன்றுமில்லை. ஆனால் அதை யார் கொண்டுபோனார் என்பது மட்டும் பல வருடங்கள் மறக்கப்படுவதில்லை.

மூவரும் போகுமிடமெல்லாம் தகப்பன் விட்டுச்சென்ற பயணப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு திரிகிறார்கள். அவரது பெயரின் முதலெழுத்துகள் பொறித்து, எண்கள் இட்டு, மிருகங்களின் உருவங்கள் வரைந்த அழகான தோற்பெட்டிகள் அவை. சந்தைக்குள்ளும் மணல்வெளியிலும் அவற்றைத் தூக்கிக்கொண்டு அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், எங்கேயாவது வைத்துவிட்டுப் போனால் என்ன என்று நமக்கே தோன்றும்.

"அவரிடம் சொல்லிவிடாதே"

இப்படத்தில் மிக நுட்பமாகக் காட்டப்படும் இன்னொரு விடயம், மூவருக்குமிடையே ஓடும் இரகசியங்கள். பீட்டரின் மனைவி ஏழரை மாதக் கர்ப்பிணி. அவளிடம் சரியாகச் சொல்லாமலே அவன் இந்தியாவுக்கு வந்துவிட்டான். தகப்பனாகப் போகிறோம் என்ற பயம் அவனை விரட்டுகிறது. இதைத் தம்பியிடம் மட்டும் சொல்கிறான், நானாவிடம் சொல்லாதே என்கிறான். தம்பி போய் நானாவிடம் சொல்லிவிடுகிறான். இந்தப் பயணத்தின் முடிவில் தாயைப் பார்க்கப் போகிறோம் என்பதை மூத்தவன் மறைத்து வைத்திருக்கிறான். இளையவன் ஜேக் இடையிலேயே நழுவிவிட ஒரு பயணச்சீட்டை ஒளித்து வைத்திருக்கிறான். இருவர் சேர்ந்தால் மூன்றாமவரைப் பற்றிப் பேச்சு. ஒருவர் எழுந்து போனால் மிச்சம் இருவரும் கூட்டு.

ஜேக் ஓர் எழுத்தாளன். அவன் எழுதிய ஒரு கதையைப் படித்துவிட்டு பீட்டர் குளியலறைக்குள் போய் அழுகிறான். காரணம், அது அவர்களது தகப்பனின் மரணச் சடங்கன்று நடந்த சம்பவமேதான். ஆனால் ஜேக்கிடம் கேட்டால், இதில் வருவோர் எல்லோரும் கற்பனைப் பாத்திரங்கள் என்று சாதிக்கிறான். நெஞ்சில் உள்ளதைக் கதையாகச் சொல்ல முடிகிறது, உடன்பிறந்தவனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஒருநாள் வாய்ச்சண்டை கைச்சண்டையாகிறது. அதற்கு முன்பே பீட்டர் சந்தையில் வாங்கி வந்த நச்சுப் பாம்பொன்று வண்டிக்குள் தப்பி ஓடிப் பெரும் கலவரம் மூண்டிருந்தது. பொறுமையிழந்த புகையிரத அதிகாரி, பெட்டிகளோடு மூவரையும் நடு வழியில் இறக்கிவிடுகிறார். காரியதரிசியும் கைவிட்டுப் போய்விடுகிறார். திட்டம், அட்டவணை, இயந்திரம் எல்லாம் போயின. மிஞ்சியது மூன்று சகோதரர்களும் தகப்பனின் பெட்டிகளும் மட்டுமே.

ஆற்றங்கரையில் நடந்தது

இதுவரை சிரித்துக்கொண்டிருந்த நம்மை இவ்விடத்தில் இயக்குநர் உலுக்கிவிடுகிறார். பெட்டிகளுடன் நடந்து வரும் மூவரும், மூன்று சிறுவர்கள் ஒரு மிதவையைக் கயிற்றால் இழுத்து ஆற்றைக் கடக்க முயல்வதைக் காண்கிறார்கள். மிதவை கவிழ்கிறது. சிறுவர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். பெட்டிகளைப் போட்டுவிட்டு மூவரும் பாய்கிறார்கள். இருவர் பிழைத்துக்கொள்கிறார்கள். பீட்டர் பிடித்த சிறுவன் மட்டும் இறந்துவிடுகிறான். என்னுடைய பிள்ளையை நான் காப்பாற்றவில்லையே என்ற பொருளில் அவன் தடுமாறிச் சொல்வது மனத்தைப் பிழியும். பிறக்கப்போகும் தன் பிள்ளைக்குப் பயந்து ஓடி வந்தவன் அல்லவா அவன்?

சிறுவனின் உடலை அவனே சுமந்து கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். அந்தச் சிறுவனின் தகப்பனாக நடித்திருப்பவர் இந்திய நடிகர் இர்ஃபான் கான். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் காலமான அவர், இந்தச் சிறிய பாத்திரத்தில் அதிகம் பேசவே இல்லை. மகனின் உடலை அவர் கழுவும் காட்சியில் பேச்சுக்கு இடமுமில்லை.

கிராமத்தார் இந்த அந்நியர்களை விரட்டவில்லை. தங்க இடம் கொடுக்கிறார்கள். இறுதிச் சடங்குக்கு வருமாறு அழைக்கிறார்கள். அங்கே பீட்டர் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதையும் பார்க்கிறோம். சகோதரர்கள் மூவரும் அமைதியாக, ஒருவர் பக்கத்தில் ஒருவராகச் சடங்குக்கு நடந்து போகிறார்கள். அந்நேரத்தில் படம் ஒரு வருடம் பின்னோக்கிச் செல்கிறது. தம் தகப்பனின் சடங்கன்று இதே மூவரும் என்ன செய்தார்கள்? போகும் வழியில் ஒரு கராஜில் இறங்கி, திருத்த விட்டிருந்த தகப்பனின் காரைக் கேட்டு அடம்பிடித்தார்கள். கார் ஓடும் நிலையில் இல்லை. சடங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர்களோ காரோடு மல்லுக்கட்டினார்கள்.

தம் தகப்பனின் மரணத்தில் கூடி நின்று அழத் தெரியாதவர்கள், முன்பின் அறியாத ஓர் ஏழைத் தகப்பனின் துயரத்தில் ஒன்றாக நிற்கப் பழகுகிறார்கள். படம் சொல்ல வருவது இதுதான் என்று எனக்குப் படுகிறது. சமாதானப் பேச்சுக்கென்று கூட்டி வந்த இடத்தில் சமாதானம் வரவில்லை. பிறருடைய துன்பத்தில் மூன்று பேரும் கை கொடுத்தபோது, பேசாமலே அது வந்துவிட்டது.

தாயைத் தேடி

இதன் பின்னர் மூவரும் விமான நிலையம்வரை போகிறார்கள். நாடு திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பயணச்சீட்டைக் கிழித்துவிட்டுத் தாயைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். தாய் இமயமலைச் சாரலில் ஒரு கன்னியர் மடத்தில் துறவியாக இருக்கிறாள். வராதீர்கள் என்று முன்பே கடிதம் எழுதியவள் அவள். அப்பாவின் சடங்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், வர விரும்பவில்லை என்கிறாள். அன்பாகத்தான் வரவேற்கிறாள். காலைச் சாப்பாட்டுக்கு யார் யாருக்கு என்ன வேண்டும் என்று அவளே வரிசையாகச் சொல்லி முடிவு செய்கிறாள். மூத்தவன் எங்கே அந்தப் பழக்கத்தைக் கற்றான் என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. மறுநாள் விடியும்போது தாய் அங்கே இல்லை. சொல்லாமல் போய்விட்டாள்.

தாய்மார் இந்தக் காட்சியை இருமுறை யோசிக்க வேண்டும். பிள்ளைகள் நம் புத்திமதிகளை மறந்துவிடலாம். நாம் உணவு பரிமாறும் விதத்தை, கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் விதத்தை மறப்பதில்லை. பீட்டர் கர்ப்பிணி மனைவியை விட்டு ஓடி வந்ததும், இந்தத் தாய் பிள்ளைகளை விட்டு மறைந்து போனதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையா?

ஆனாலும் இம்முறை மூவரும் உடைந்து போகவில்லை. தாயிடம் கிடைக்கும் என்று வந்தது கிடைக்கவில்லை. அது கிடைக்காமல் போனதை மூவரும் ஒன்றாகத் தாங்கிக்கொள்கிறார்கள்.

முடிவுக் காட்சி அழகானது. நகரத் தொடங்கிவிட்ட புகையிரதத்தைப் பிடிக்க மூவரும் ஓடுகிறார்கள். கைகளில் பெட்டிகள். பெட்டிகளோடு ஓடினால் வண்டியைப் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு ஓடி ஏறிக்கொள்கிறார்கள். உள்ளே போனதும் மூத்தவன் கடவுச்சீட்டுகளைத் தம்பிமாரிடம் திருப்பிக் கொடுக்க முனைகிறான். உன்னிடமே இருக்கட்டும் என்கிறார்கள் தம்பிமார். பறித்து வைத்திருந்தபோது சிறையாக இருந்தது, விரும்பிக் கொடுத்தபோது நம்பிக்கையாகிவிட்டது. ஜேக்கும் தன் புதிய கதையைப் பற்றிய பேச்சில், கற்பனைப் பாத்திரங்கள் என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்தி, நன்றி சொல்லிவிடுகிறான்.

படம் உருவான விதம்

இயக்குநர் வெஸ் அண்டர்சனும் மூன்று சகோதரர்களில் நடுவில் பிறந்தவர். அவரும், ஜேக்காக நடித்த ஜேசன் சுவார்ட்ஸ்மேனும், அவரது மைத்துனரான ரோமன் கொப்போலாவும் சேர்ந்து கதையை எழுதினார்கள். அதற்காக மூவரும் இந்தியாவில் புகையிரதத்தில் பயணம் செய்தார்கள். பிரான்சிஸாக ஓவன் வில்சனும், பீட்டராக ஏட்ரியன் புரோடியும், தாயாக ஆஞ்சலிக்கா ஹூஸ்டனும் நடித்திருக்கிறார்கள்.

பெயரில் டார்ஜிலிங் இருந்தாலும் தேயிலை மலைக்கும் இப்படத்துக்கும் தொடர்பில்லை. படம் பெரும்பாலும் ராஜஸ்தானில் எடுக்கப்பட்டது. இந்தியப் புகையிரதப் பெட்டிகளை அலங்கரித்து, ஜோத்பூர் பக்கத்தில் ஓடும் வண்டியிலேயே காட்சிகளைப் படமாக்கினார்கள். இமயமலை மடமாகக் காட்டப்படுவது உண்மையில் உதய்ப்பூர். வங்காள இயக்குநர் சத்யஜித் ரேயின் படங்களில் வந்த இசை பல இடங்களில் ஒலிக்கிறது. இயக்குநருக்கு அவர்மீது அவ்வளவு மதிப்பு. 2007 செப்டெம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் போட்டியில் கலந்துகொண்டது. நம் நாட்டோடும் ஒரு சிறு தொடர்பு உண்டு. புகையிரதப் பணிப்பெண்ணாக வரும் அமாரா கரண், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். அவர் நடித்த முதல் திரைப்படங்களில் இதுவும் ஒன்று.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பணிப்பெண்ணுக்கும் ஜேக்குக்கும் இடையிலான சில காட்சிகள் பிள்ளைகளோடு இருந்து பார்க்கத் தக்கவையல்ல. இப்படத்துக்கு முன்னோட்டமாக எடுத்த 'ஹோட்டல் செவாலியே' என்ற குறும்படமும் அப்படியே. சகோதரர்கள் மது, மாத்திரை, இருமல் மருந்து என்று எதையும் விட்டுவைப்பதில்லை. இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ஓர் ஏழைக் கிராமத்துச் சிறுவனின் மரணம் மூன்று செல்வந்தர்களின் மனமாற்றத்துக்குப் படியாகிவிடுகிறது. அவர்கள் மனம் தேறி வண்டியேறிப் போய்விடுகிறார்கள். அந்தத் தாய் தகப்பனின் மறுநாள் எப்படி விடிந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. மேற்கு நாட்டார் நம் பக்கத்து மண்ணைத் தம் கவலை தீர்க்கும் மருந்தாக மட்டும் பார்க்கும் பழக்கம் இதிலும் தெரிகிறது.

நமக்கு என்ன?

இக்குறைகளையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நமக்கு எடுத்துக்கொள்ள மிச்சமிருக்கிறது. முதலாவது, பிரிந்த உடன்பிறப்புகளைச் சேர்க்கப் பெரிய பஞ்சாயத்துத் தேவையில்லை. கணக்கு வழக்குகளைப் பேசித் தீர்த்த பிறகுதான் உறவு என்று காத்திருந்தால் காலம் போய்விடும். ஒரு நோயாளியைப் பார்க்க, ஒரு சாவீட்டுக்குப் போக, ஊரில் தனித்துக் கிடக்கும் மாமியை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல என்று ஒரு காரியத்துக்காக இருவரும் ஒரே வாகனத்தில் ஏறட்டும். முகம் பார்த்துப் பேசக் கூச்சமாயிருந்தாலும் யன்னலைப் பார்த்துக்கொண்டாவது பேச்சு வரும்.

இரண்டாவது, "அவரிடம் சொல்லிவிடாதே" என்று தொடங்கும் பேச்சு நம் வாயிலிருந்து புறப்படாமல் பார்த்துக்கொள்வோம். மதினி சொன்னதை மாமியிடமும், மாமி சொன்னதை நாத்தனாரிடமும் கொண்டுசேர்ப்பதில் ஒரு சகோதரனுக்கு இன்னொரு சகோதரன் அந்நியனாகிவிடுகிறான். அதே வாயால், "உங்கட தம்பி உங்களைக் கேட்டவர்" என்று ஒரு வார்த்தை சொல்லவும் முடியும்.

மூன்றாவது, வீட்டு அலுமாரியில் கிடக்கும் அந்த வெற்றிலைத் தட்டத்தை எடுத்துத் துடையுங்கள் சகோதரிகளே. இவ்வளவு நாளும் அது உங்களிடம் இருந்தது போதும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைக் கொண்டுபோய் ராத்தாவின் கையில் கொடுத்து, "உம்மாட தட்டம், இனி உங்களிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். ராத்தா அதை வாங்குவாரோ, நீயே வைத்துக்கொள் என்று திருப்பித் தருவாரோ தெரியாது. ஆனால் உங்களைத் தேநீர் குடிக்காமல் அனுப்பமாட்டார்.